நிலாவுக்கு வெல்டிங் வைத்த மச்சான்

நிலாவில் இருக்கும் பள்ளங்கள் விண்கல் விழுந்து ஆனவை அல்ல, மின்பொறி தெறித்து ஆனவை என்று முதன்முதலில் என்னிடம் சொன்னவர் என் அக்கா வீட்டுக்காரர். சொல்லும்போது அவர் எங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஸ்டூல் மேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். பிரபஞ்சத்தைப் பற்றிய முடிவுகளை அறிவிக்க அதைவிட நல்ல மேடை அதுவரை அவருக்குக் கிடைத்ததில்லை.

“மாப்ளே, மெயினை ஆஃப் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன் மச்சான்.”

“இன்னொரு தடவை பாரு. இல்லன்னா என் மூஞ்சியும் நிலா மூஞ்சி ஆயிடும்.”

எல்லோரும் அவரை இடி என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் இடி அண்ணே, முதுகுக்குப் பின்னால் வெறும் இடி. குரல் ஒன்றும் அப்படிப் பெரிதல்ல. பேச்சு எதில் தொடங்கினாலும் மின்னலில் போய் முடியும், அதனால் வந்த பெயர். வயிற்றுவலி என்று யாராவது சொன்னால்கூட, “வெளியில மேகம் எப்படி இருக்கு?” என்று கேட்பார்.

வேலை, ஒரு சலவைக்கூடத்தில் எலக்ட்ரீஷியன். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, காயவைத்து, தேய்த்து அனுப்பும் இடம் அது. அங்கே ஓடும் மோட்டார்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டிக்குள் இரண்டு உலோகப் பொட்டுகள் ஒட்டிப் பிரியும். பிரியும்போதெல்லாம் பொறி பறக்கும். நாள்பட்டால் அந்தப் பொட்டுகள் அம்மை வார்த்த முகம்போலக் குழிகுழியாக ஆகிவிடும். அப்படிப் பழுதான ஒரு பொட்டைக் கழற்றி வந்து ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பக்கத்தில் மகளின் பள்ளிப் புத்தகம் விரிந்து கிடந்தது. அதில் நிலாவின் படம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அக்காவுக்கு ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் மிச்சமான சோறு.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி போயிற்று, எங்களுக்கும்தான். வால்நட்சத்திரம் பனிக்கட்டி இல்லையாம், மின்னேற்றம் பிடித்த பாறையாம். பள்ளத்தாக்குகளை ஆறு அறுக்கவில்லையாம், வானத்திலிருந்து இறங்கிய பெரும்பொறி கீறிவிட்டுப் போனதாம். சூரியன் தன் வயிற்றுக்குள் எரியவில்லையாம், வெளியிலிருந்து கரண்டு வாங்கி எரிகிற பல்பாம்.

“அப்ப அதுக்கு கரண்டு பில் யார் கட்றா?” என்று அக்கா கேட்டாள்.

“சிரி, சிரி. அடுப்பை விட்டுத் தள்ளிப் போனா சூடு குறையுமா, கூடுமா? குறையும்ல? சூரியனுக்கு மேல இருக்கிற காத்து மட்டும் அதோட உடம்பைவிட ஏன் இவ்வளவு சூடா இருக்கு? படிச்சவங்களே முழிக்கிறாங்க.”

அது உண்மை. சூரியனின் மேல்மண்டலம் ஏன் அத்தனை கொதிக்கிறது என்பதற்கு அறிவியல் இன்னும் முழு விடை தேடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் விடை தெரியாத இடம் புறம்போக்கு நிலம் அல்ல, போகிற வருகிறவர்களெல்லாம் கொட்டகை போட்டுக்கொள்ள. இதை அவரிடம் சொன்னபோது, “நீ கொட்டகை போடல, அதான் பொறாமை” என்றார்.

ஒருமுறை மாவை வைத்துச் சண்டை போட்டோம். “கல்லு சாய்வா வந்து விழுந்தா பள்ளம் நீட்டமாத்தானே இருக்கணும்? நிலாவுல எல்லாம் வட்டமா இருக்கு. பொறிதான் வட்டம் போடும்” என்றார் மச்சான். நான் வீராப்பாக ஒரு தாம்பாளத்தில் மாவைப் பரப்பி, கூழாங்கல்லைச் சாய்வாக எறிந்து காட்டினேன். பள்ளம் முட்டை வடிவத்தில் வந்தது. அவர் கூடத்தில் ஒரு சுற்று ஆடினார். அக்கா எங்கள் இருவரையும் துடைப்பத்தால் வெளியேற்றினாள். பிறகு நூலகத்தில் போய்ப் படித்தேன். விண்கல் வரும் வேகத்தில் அது தரையைத் தோண்டுவதில்லை, வெடிக்கிறது. வெடிப்புக்குத் திசை கிடையாது, அதனால்தான் வட்டம். ஓடிவந்து சொன்னேன்.

“உனக்கு எவனாவது அச்சடிச்சுச் சொன்னா போதும்.”

“உங்களுக்கு எவனாவது வீடியோவுல சொன்னா போதும்.”

வீடியோ என்றதும் அவர் முகம் சுருங்கியது. காரணம் இருந்தது. தன் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்ததை உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் கைபேசியில் தெரிந்துகொண்டார். துணை கிடைத்த சந்தோஷம் பாதி, திருடிவிட்டார்கள் என்ற வருத்தம் பாதி.

சொந்தக்காரர்கள் என்னைத்தான் கடிந்துகொண்டார்கள். “போகட்டும் விடேன்பா. நிலாவைப் பத்தி ஒருத்தர் தப்பா நினைச்சா யாருக்கு என்ன நட்டம்?” நட்டமில்லைதான். தப்பான எண்ணம் வானத்தில் குடியிருக்கும்வரை வாடகை கிடையாது. கீழே இறங்கி வந்தால்தான் யாராவது கொடுக்க வேண்டியிருக்கும்.

அது இறங்கி வந்தது. சலவைக்கூடத்தில் ஆள் நீளத்துக்கு மேலான ஒரு சூட்டு உருளை உண்டு. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் சுருக்கம் இல்லாமல் வெளிவரும். அதில் நின்ற அம்மாளை எல்லோரும் பீரங்கி என்பார்கள். அத்தனை எந்திர இரைச்சலையும் தாண்டி அவர் குரல் வாசல் காவலாளிவரை கேட்கும். முதலாளியையே “தம்பி, வழியில நிக்காதே” என்று ஒதுக்கியவர். 

அந்த உருளைக்கு ஒரு ட்ரிப் சுவிட்ச் இருந்தது. எங்கேயாவது கரண்டு கசிந்தால் தானே விழுந்து இணைப்பை அறுத்துவிடும். மேகம் மூடிய நாட்களில் அது அடிக்கடி விழும். வெயில் நாளில் விழாது. மச்சானுக்கு இது போதாதா? மேகத்தில் ஏறுகிற மின்சாரம் சுவிட்சைக் குழப்புகிறது, உள்ளே கசிவு எதுவும் இல்லை என்று முடிவு கட்டினார். முதலாளியோ, “அது விழ விழ வேலை நிக்குது. எதையாவது பண்ணித் தொலைங்க” என்று கத்திக்கொண்டிருந்தார். மச்சான் ஒரு துண்டு வயரால் சுவிட்சைச் சுற்றிக் குறுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டார். இனி அது விழாது. உருளை நிற்காமல் ஓடியது. முதலாளி தோளில் தட்டிக் கொடுத்தார். தன் கொள்கைக்குக் கிடைத்த முதல் நடைமுறை வெற்றி என்று அக்காவிடம் சொல்லிப் பெருமைப்பட்டார் மச்சான்.

அடுத்த மழையில், தூரத்தில் இடி உருண்டுகொண்டிருந்த ஒரு பிற்பகலில், பீரங்கி விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்ய உருளையின் இரும்புத் தண்டைப் பிடித்தார். கரண்டு அவரை விடவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மரக்கட்டையால் அடித்துத்தான் கையைப் பிரித்தாள். உயிர் தப்பியது. வலக்கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

முதலாளி மருத்துவமனைக்கு வந்தார். பழம் வாங்கி வந்தார். “மின்னல் விழுந்துடுச்சும்மா. வானம் பண்ணதுக்கு நாம யாரைக் கேட்கிறது?” என்றார்.

“வானத்தை நான் கேட்கல தம்பி. அது எனக்குச் சம்பளம் குடுத்ததில்லை” என்றார் பீரங்கி.

முதலாளிமார்களுக்கு வானம் எப்போதும் உதவிக்கு வரும். லாபம் வந்தால் அவர்களுடைய உழைப்பு, கை போனால் வானத்தின் செயல். இயற்கையின் சீற்றம் என்று எழுதிவிட்டால் நட்டஈடு தர வேண்டியதில்லை, பழத்தோடு முடிந்துவிடும். எனக்குப் பொறுக்கவில்லை. பீரங்கிக்காகத் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கு அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. அந்தப் பதில் வந்த அன்றே முதலாளி மச்சானைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதுவரை வாசற்படியோடு நிறுத்திய மனிதர், உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்.

அன்று மாலை மச்சான் வீட்டுக்கு வந்த தோரணையே வேறு. நான் அங்கேதான் இருந்தேன்.

“மாப்ளே, கடைசியில காது உள்ளவன் ஒருத்தன் கிடைச்சான். முதலாளி ஒரு மணி நேரம் கேட்டாரு. நிலா, வால்நட்சத்திரம், எல்லாம். விசாரணையில நான்தான் விளக்கிச் சொல்லணுமாம். அதுக்கப்புறம் மண்டபம் எடுத்து, திரை கட்டி, பெரிய மனுசங்களைக் கூப்பிட்டு என்னைப் பேச வெக்கப் போறாராம்.”

“மச்சான், அவருக்கு வேண்டியது உங்க நிலா இல்லை. உங்க வாயால மின்னல்னு ஒரு வார்த்தை.”

“மின்னல்தானே அது!”

“அந்தம்மா கை போச்சு. உங்க மின்னல் ஜெயிச்சா அவங்களுக்குச் சல்லிக்காசு கிடைக்காது.”

“எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?” நடிப்பு இல்லை. அவர் நம்பினார், எனக்கு எரிச்சல் மூட்டியதே அதுதான். பொய் சொல்லப் போகிறவனைத் தடுக்கலாம். மனதார நம்புகிறவனை எந்தக் கதவில் நிறுத்துவது?

“நிரூபிச்சே காட்டறேன். அந்தக் குறுக்கு வயரை எடுத்துடறேன். அடுத்த மேகம் வரட்டும், சுவிட்ச் தானா விழும். அதிகாரி கண்ணு முன்னாடி விழும். அப்ப என்ன சொல்வே?”

அக்கா அதுவரை ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மழை என்பதால் கொடி வீட்டுக்குள்ளேயே கட்டியிருந்தது.

“மழை வந்தா அங்க சன்னலை மூடுவீங்களா?”

“மூடாம? வெள்ளைத்துணி நனையாதா?”

“நானும்தான் மூடறேன். இந்தச் சுவரைப் பாருங்க, எப்படி வேர்த்துக் கொட்டுது. இந்தச் சுவருக்கும் நிலாவுல இருந்துதான் கரண்டு வருதா?”

நான் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அவரைப் பற்றி எத்தனை கேலி பேசினாலும் இதை மட்டும் மறைக்கக் கூடாது: மனிதர் சோதித்துப் பார்க்கப் பயப்படாதவர். மறுவாரம் வானம் மூடியபோது, குறுக்கு வயரை எடுத்துவிட்டு, சன்னல்களையெல்லாம் திறந்துவைத்து உருளையை ஓடவிட்டார். சாரல் அடித்தது, கூடத்தில் வேலை செய்தவர்கள் திட்டினார்கள். சுவிட்ச் விழவில்லை. பிறகு வந்த பளீரென்ற வெயில் நாளில், ஒரு துண்டு மேகம் இல்லாதபோது, எல்லாச் சன்னல்களையும் அடைத்தார். ஈர விரிப்புகளிலிருந்து கிளம்பிய ஆவி கூடம் முழுக்க நின்றது. இரும்பெல்லாம் வேர்த்தது. டக். சுவிட்ச் விழுந்தது.

உருளைக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சூட்டில் காய்ந்து வெடித்த வயர் உறை. அதன் மேல் சொட்டுச் சொட்டாக வழியும் தண்ணீர். பக்கத்தில் துருப்பிடித்து அறுந்து தொங்கிய, கசிவை மண்ணுக்கு இறக்க வேண்டிய எர்த் கம்பி. சுவிட்ச் ஒவ்வொரு முறை விழுந்தபோதும் குழம்பவில்லை, உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கட்டியவர் அவர்.

அன்று இரவு அக்கா எனக்குப் போன் செய்து, “உன் மச்சான் உட்கார்ந்திருக்காரு. நிலாவைப் பத்திப் பேசல. எனக்குப் பயமா இருக்கு” என்றாள். போனேன். வேலை போகும், உரிமம் போகும், வழக்கும் வரலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சும்மா இருந்தால் மண்டபம், திரை, கைத்தட்டல். நான் அறிவுரை சொல்ல வாயெடுத்தேன்.

“நீ பேசாதே மாப்ளே. இன்னைக்கு ஒருநாள் நீ சரியா இருக்கே. அதையும் பேசிக் கெடுத்துடாதே.”

விசாரணை சலவைக்கூடத்திலேயே நடந்தது. அதிகாரி ஒல்லியான பெண்மணி, மூக்குக்கண்ணாடியை அடிக்கடி மேலே தள்ளிக்கொள்பவர். பீரங்கி கையில் கட்டோடு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் துணையாக நான். எதிர்ப்பக்கம் முதலாளி, பக்கத்தில் புதுச்சட்டையில் மச்சான். அந்தச் சட்டை முதலாளி வாங்கிக் கொடுத்தது.

“இவர் எங்க எலக்ட்ரிக்கல் பொறுப்பாளர் மேடம்” என்றார் முதலாளி. “சாதாரண ஆளு இல்லை. பெரிய ஆராய்ச்சியாளர். வானத்தைக் கரைச்சுக் குடிச்சவர். அன்னைக்கு விழுந்தது மின்னல்னு இவரே சொல்வாரு.”

“சொல்லுங்க” என்றார் அதிகாரி.

மச்சான் எழுந்தார்.

“மின்னல் இல்லீங்க மேடம். மின்னல் விழுந்தா தடம் இருக்கும். கூரையில தேடிட்டேன், தடம் இல்லை. கசிவு. ட்ரிப் சுவிட்சைச் சுத்தி நான்தான் வயர் போட்டேன். மேகத்தால விழுதுன்னு நினைச்சேன். என் புத்தி. அவரும் எதையாவது பண்ணுன்னு சொன்னாரு. எர்த் கம்பி அறுந்திருந்ததை ரெண்டு பேருமே பார்க்கல.”

முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வானத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர் கண்ணுக்கு ஒரு நொடியில் வேறு ஆளாகிவிட்டார்.

“மேடம், இவன் பைத்தியம்! நிலாவுக்கு எவனோ வெல்டிங் வெச்சான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறவன். யாரை வேணா கேளுங்க! இவன் பேச்சை நம்பறதா?”

“இப்பதானே ஆராய்ச்சியாளர்ன்னீங்க?” என்றார் அதிகாரி.

“ரெண்டு நிமிஷத்துல ஏறின பைத்தியம் போலிருக்கு மேடம்” என்றார் பீரங்கி. 

மச்சான் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “என்னை நம்ப வேண்டாம் மேடம். சன்னலை மூடுங்க. உருளையை ஓடவிடுங்க. யாரும் இரும்பைத் தொடாதீங்க.”

வெளியே நல்ல வெயில். அதிகாரி தானே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். சன்னல்கள் அடைபட்டன. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ரப்பர் விரிப்பின் மேல் நின்று மச்சானே விரிப்புகளைக் கொடுத்தார். ஆவி எழுந்தது. எல்லோருக்கும் வேர்த்தது. அதிகாரியின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. முதலாளி சட்டைப் பொத்தானைக் கழற்றினார், மேலும் ஒன்றைக் கழற்றினார்.

“கதவைத் திறங்க, மூச்சு முட்டுது” என்றார்.

“நாங்க இதுலதான் தம்பி நாள் முழுக்க நின்னோம்” என்றார் பீரங்கி. “உனக்கு இப்பத்தான் முட்டுதா?”

டக்.

உருளை நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கீழே குனிந்து டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

“மத்த எந்திரத்துக்கெல்லாம் எர்த் இருக்கா?”

முதலாளி மேலே பார்த்தார். அங்கே கூரைதான் இருந்தது.

பீரங்கிக்கு நட்டஈடு தர உத்தரவாயிற்று. முதலாளி மேல்முறையீடு செய்தார், தோற்றார். தன் பங்குக்கு மச்சானுக்கும் கிடைத்தது: உரிமத்தை நிறுத்திவைத்தார்கள், வேலை போனது. அதில் அநியாயம் இல்லை என்று அவரே சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை. வயரைச் சுற்றியவன் தெருவுக்கு வந்தான். சுற்றச் சொன்னவன் காரில் போய்க்கொண்டிருந்தான். சட்டத்துக்கு எர்த் கம்பியை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று யாராவது படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அவர் நிலாவை விட்டுவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நினைக்காதீர்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை, துருவங்களில் இரவு வானம் பச்சையாக ஒளிர்வது மின்சாரத்தால்தான் என்று நானே ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று, ஏனென்றால் அது உண்மை. அவ்வளவுதான், பழையபடி ஆரம்பித்துவிட்டார்.

பீரங்கியைப் பார்க்கப் போக மட்டும் அவருக்குக் கால் வரவில்லை. கடைசியில் அக்கா இழுத்துக்கொண்டு போனாள், நானும் போனேன். பீரங்கி வீட்டு வாசலில் மச்சான் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“அக்கா, என்னை மன்னிச்சு...” என்றார் பீரங்கியிடம்.

“அதெல்லாம் இப்ப வராது. வரும்போது சொல்லி அனுப்பறேன்.” பீரங்கி இடக்கையில் ஒரு பெரிய விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு, மறுமூலையைப் பல்லால் கடித்து மடிக்க முயன்றுகொண்டிருந்தார். “இன்னும் அந்த நிலாவைப் பத்திப் பேசறியாமே?”

மச்சான் தலையைக் குனிந்தார். “அது... அது வேற விஷயம்க்கா.”

“பேசிக்கோ. அங்க யாரும் துணி தேய்க்கல.” வாயிலிருந்து எடுத்த மூலையை மச்சான் பக்கம் நீட்டினார். “இந்தா, பிடி. செருப்பைக் கழட்டிட்டு வா.”

மச்சான் உள்ளே போய்ப் பிடித்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று உதறினார்கள். மச்சானுக்கு அந்தக் கணத்தில் தைரியம் வந்துவிட்டது.

“வால்நட்சத்திரம்னு ஒண்ணு இருக்குல்லக்கா, அதைப் பனிக்கட்டின்னு சொல்றாங்க, ஆனா உண்மையில...”

“வாயை மூடு. கோணலாப் பிடிக்கிறே. இத்தனை வருசம் சலவைக்கூடத்துல இருந்துட்டு ஒரு துணி மடிக்கத் தெரியல. திரும்ப உதறு.”

திரும்ப உதறினார்கள்.